இலையுதிர்காலமும் யப்பானியச் சிறுநகர நூலகமும்

யப்பானிய மொழியில் இலையுதிர்காலத்துக்கு வழங்கும் அடைமொழிகள் பல. நல்லுணவின் இலையுதிர்காலம் என்பர். விளையாட்டின் இலையுதிர்காலம் என்பர். கலையின் இலையுதிர்காலம் என்றுஞ் சொல்வர். இவற்றோடு ஒருங்கே வழங்குவது வாசிப்பின் இலையுதிர்காலம் என்னுந் தொடர். ஒக்டோபர் மாத இறுதியில் அந்நாட்டுச் சிறுநகரப் பொதுநூலகம் ஒன்றினுள் நுழைபவர் இத்தொடரைச் சுவரொட்டிகளிலே காண்பர். வாயிலருகே மேசையொன்றில் பருவத்துக்கேற்ற நூல்கள் பரப்பப்பட்டிருக்கும். சிறுவர் பகுதியில் ‘கமிஷிபாய்’ எனப்படும் படத்தாட் கதைசொல்லல் நடைபெறும். கழித்தொதுக்கிய பழைய சஞ்சிகைகளை ஊரார் இலவசமாக எடுத்துச் செல்வதும் உண்டு. இவை யாவும் தொன்றுதொட்டு வரும் வழக்கங்கள் என்ற எண்ணமே பார்ப்பவருக்குத் தோன்றும். ஆயின் இப்பருவம் இயற்கை தந்தது பாதி, நிறுவனங்கள் ஆக்கியது பாதி. யார் ஆக்கினர், எதற்காக ஆக்கினர், அதிற் சிறுநகர நூலகம் வகித்த இடம் யாது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

தொடரின் வேர் சீனத்திலே உள்ளது. தாங் காலப் புலவரான ஹான் யூ (768-824) தம் மகனைக் கல்வியில் ஊக்குவித்துப் பாடிய கவிதையொன்றில், மழை ஓய்ந்து குளிர்ச்சி பரவும் இலையுதிர்காலம் விளக்கினருகே அமர்ந்து ஏடு விரிப்பதற்கு உகந்தது என்ற கருத்து வருகிறது. சீன இலக்கியத்திற் பயின்ற யப்பானியக் கற்றோர் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கருத்துக்கு இயற்கையான அடிப்படையும் இல்லாமலில்லை. யப்பானியக் கோடை வெப்பமும் ஈரமும் மிக்கது. எண்ணெய் விளக்கு எரிந்த காலத்திலே கோடை இரவில் விளக்கை நெருங்கி அமர்வது தண்டனைக்கு ஒப்பாகும். இலையுதிர்காலத்திற் காற்று உலர்ந்துவிடும், இரவும் நீளும். ஈரத்தாலும் பூச்சியாலும் கெடும் ஏடுகளை வெளியே எடுத்துக் காற்றாட வைக்கும் வழக்கமும் உலர்ந்த நாள்களை நாடியே அமைந்தது. முற்காலத்து நூலகங்கள் இப்பணிக்கெனச் சில நாள்கள் கதவடைத்ததும் உண்டு.

நமக்கு இலையுதிர்காலம் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்பட்டன. மழையும் வாடையுமே அதன் இலக்கணம். எனினும் அப்பருவத்தை ஒட்டியே நாமும் ஏடுகளை நினைக்கிறோம். நவராத்திரியின் முடிவிலே நூல்களை அடுக்கிச் சரஸ்வதிக்குப் பூசை செய்கிறோம். அன்று அவற்றைத் திறப்பதில்லை என்பதையும் மரபாகக் கொண்டுள்ளோம்! ஏட்டை வணங்குவதும் வாசிப்பதும் வேறு வேறு செயல்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்வரும் வரலாற்றிலும் இவ்வேறுபாடு மீண்டும் தலைகாட்டும்.

கற்றோரிடையே வழங்கிய கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது அச்சு ஊடகமே. நத்சுமே சோசெகி 1908ஆம் ஆண்டு ‘அசாஹி’ நாளிதழிலே தொடராக எழுதிய ‘சன்ஷிரோ’ நாவலில் விளக்கை நெருங்கும் காலம் என்னும் அத்தொடர் இடம்பெற்றது. அதன் பின்னரே அது பரவலாயிற்று என்று கூறப்படுவதுண்டு. கட்டாயக் கல்வியால் எழுத்தறிவு பெற்ற பெருந்தொகையினர் அப்போது பத்திரிகை வாசகராகி விட்டனர் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

ஆனால் அவ்வாசகர்க்கு நூலகம் நெருக்கமான இடமாக இருக்கவில்லை. 1899ஆம் ஆண்டு நூலகக் கட்டளை பொதுநூலகங்கள் வாசிப்புக் கட்டணம் அறவிட இடமளித்தது. நூல்கள் பூட்டிய அறைகளில் இருந்தன. வேண்டிய நூலின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துக் காத்திருந்து, பெற்று, அங்கேயே அமர்ந்து வாசித்து, மீளக் கொடுக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் மாணவரே இருக்கைகளில் நிறைந்திருந்தனர். வயலிலிருந்து திரும்பும் உழவனுக்கோ, வீட்டிலிருக்கும் பெண்ணுக்கோ அக்கட்டடத்தில் இடமிருந்தது எனச் சொல்வது கடினம்.

இந்நிலையிலேதான் 1924ஆம் ஆண்டு யப்பானிய நூலகச் சங்கம் நவம்பர் 17 முதல் 23 வரை ‘நூலக வாரம்’ ஒன்றை வகுத்தது. முந்திய ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி நேர்ந்த பெருநிலநடுக்கத்திலும் தீயிலும் ரோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழக நூலகம் உட்படப் பெருந்தொகையான நூல்கள் அழிந்திருந்தன. நூலகத்தைப் பயன்படுத்துமாறு மக்களை அழைப்பதே வாரத்தின் நோக்கம். 1933இல் அது ரோக்கியோப் புத்தக வணிகர் சங்கத்தார் நடத்தும் நூல் விழாவாக மாறியது, 1939இல் நிறுத்தப்பட்டது.

வாரம் நின்றபோதிலும் வாசிக்குமாறு மக்களைத் தூண்டும் முயற்சி நிற்கவில்லை. உண்மையில் அது மேலும் வலுப்பெற்றது என்பதே வரலாற்றின் கசப்பான பகுதி. இஷிகாவா மாகாண நூலகத்தின் தலைவராக இருந்த நகதா குனிசோ, நாட்டுப்புற இளைஞரிடையே வாசிப்புக் குழுக்களை அமைத்து வந்தவர். பள்ளியை விட்ட பின் கல்வி நின்றுபோகும் கிராமத்து இளைஞன், முறையான வாசிப்பினால் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ள முடியும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அதற்கெனப் படிமுறையாக நூல்களைத் தெரிந்து வழிகாட்டினார். போர்க்காலத்தில், சிறப்பாக 1942ஆம் ஆண்டிலிருந்து, கல்வி அமைச்சும் நூலகச் சங்கமும் இம்முறையையே நாடு முழுவதற்கும் விரித்தன. எதை வாசிப்பது என்பதை மேலிருந்தோர் தீர்மானித்தனர். குழுவினர் வாசித்துக் கலந்துரையாடினர். நாட்டுப்பற்றும் போர்க்கடமையும் உரையாடலின் முடிவுகளாக முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. நகதாவைத் தீயவராகக் காட்டுவது எளிது; அது நீதியாகாது என்பது என் கருத்து. அவர் நல்ல நோக்குடன் ஏணியொன்றைச் செய்தார். ஏணியின் படிகளைத் தெரியும் உரிமை வாசகனிடம் இருக்கவில்லை. ஆகவே, படிகளை மாற்றி அமைப்பதற்கு அரசுக்கு எத்தடையும் ஏற்படவில்லை.

போர் முடிந்தபோது நகரங்கள் எரிந்திருந்தன. தாளுக்குப் பெருந்தட்டுப்பாடு நிலவியது. எனினும் நூற்பசி அடங்கவில்லை. 1947இல் மெய்யியலாளர் நிஷிதா கிதாரோவின் தொகுப்பு நூலை வாங்குவதற்காக ரோக்கியோவில் இவானமி பதிப்பகத்தின் முன் மக்கள் இரவிரவாக வரிசையிற் காத்துக்கிடந்தனர். எளிதில் விளங்காத மெய்யியல் நூலுக்காகத் தெருவிற் படுத்துறங்கிய அம்மக்களின் மனநிலை தனியே ஆராய்தற்குரியது.

அதே ஆண்டில் பதிப்பாளர், நூலகத்தார், புத்தக விநியோகத்தார், பத்திரிகைத் துறையினர் ஆகியோரின் அமைப்புகள் முப்பதுக்கு மேற்பட்டவை ஒன்றுகூடி முதலாவது ‘வாசிப்பு வார’த்தை நவம்பர் 17 முதல் நடத்தின. வாசிப்பின் வலிமையால் அமைதியான பண்பாட்டு நாடொன்றைக் கட்டியெழுப்புதல் அதன் குறிக்கோளாகக் கூறப்பட்டது. திகதியைத் தெரிவதில் ஐக்கிய அமெரிக்காவில் 1919 முதல் நவம்பர் மாதத்தில் நடைபெற்று வந்த சிறுவர் நூல் வாரம் முன்மாதிரியாக அமைந்தது. ஹான் யூவின் விளக்கொளிக்கும் அமெரிக்கப் புத்தக வணிகர் நாட்காட்டிக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு ஏற்பட்டது! அடுத்த ஆண்டு வாரம் இரு வாரங்களாக நீண்டது: ஒக்டோபர் 27 முதல் நவம்பர் 9 வரை. 1948இல் விடுமுறையாக்கப்பட்ட பண்பாட்டு நாளாகிய நவம்பர் 3 இதன் நடுவே விழுகிறது. இன்றும் அத்திகதிகளே வழங்குகின்றன. 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஒக்டோபர் 27ஐ எழுத்து, அச்சுப் பண்பாட்டு நாளாகவும் ஆக்கியுள்ளது.

1950ஆம் ஆண்டின் நூலகச் சட்டம் கட்டணத்தை ஒழித்தது. பொதுநூலகம் நுழைவுக்கோ நூற்பயன்பாட்டுக்கோ எதனையும் அறவிடலாகாது என அதன் 17ஆம் பிரிவு விதித்தது. ஆயின் நூலகம் அமைக்குமாறு நகரங்களை அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பல சிறுநகரங்களிலே வாசிப்பு வாரம் இருந்தது. வாசிக்க நூலகம் இருக்கவில்லை. இருந்த இடங்களிலும் பழைய வாசிப்பறையே தொடர்ந்தது.

இவ்விடைவெளியை நிரப்ப எழுந்த இயக்கங்களுட் சில குறிப்பிடத்தக்கன. சீபா மாகாண நூலகம் 1949இல் ‘ஹிகாரி’ (ஒளி) என்ற நடமாடும் நூலக வண்டியை ஓடவிட்டது. நகானோ மாகாணத்தில் 1950இல் தொடங்கிய தாய்மார் நூற்றொகுதி இயக்கம், மாகாண நூலகத்தின் நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, பிள்ளைகள் வாயிலாக வீட்டிலுள்ள தாய்மார்க்குச் சேர்த்தது. மலைசூழ்ந்த அம்மாகாணத்தின் உழவர் குடும்பங்களில், மருமகளாக வந்த பெண் நூலைக் கையிலெடுப்பதே வீண்பொழுது எனக் கருதப்பட்ட காலம் அது. பள்ளிப்பையிலிருந்து வந்த நூல் என்பதாலேயே அதற்கு வீட்டில் ஓரளவு அனுமதி கிடைத்திருத்தல் கூடும். ககோஷிமாவிலோ, மாகாண நூலகத் தலைவரும் விலங்குக் கதைகளால் புகழ்பெற்ற எழுத்தாளருமான முகு ஹதோஜூ 1960இல் தாயும் பிள்ளையும் இருபது நிமிட வாசிப்பு இயக்கத்தைத் தொடக்கினார். பிள்ளை பாடநூலல்லாத நூலொன்றை வாய்விட்டு வாசிக்கும். தாய் அருகிலிருந்து கேட்பாள். செலவேதும் இல்லாத இம்முறை நாடெங்கும் பரவியது. இம்முயற்சிகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவற்றிலும் நூல் மேலிருந்தே வந்தது. கேட்டுப் பெறும் உரிமை இன்னும் பிறக்கவில்லை.

அவ்வுரிமைக்கு வழிவகுத்தது 1963ஆம் ஆண்டு நூலகச் சங்கம் வெளியிட்ட அறிக்கை. சிறு, நடுத்தர நகரங்களின் பொதுநூலகங்களை நடத்தும் முறைபற்றியது அது. பெருநகர நூலகமும் மாகாண நூலகமும் உயர்ந்தவை, சிறுநகர நூலகம் அவற்றின் குறைவடிவம் என்ற எண்ணத்தை அது தலைகீழாக்கியது. மக்கள் நேரில் வந்து நூல் பெறும் சிறு நூலகமே பொதுநூலகத்தின் உயிர். ஏனையவை அதற்கு உதவப் பிறந்தவை என்பது அதன் வாதம். நூலகத்தின் தலையாய பணி நூலை மக்கள் கையிற் சேர்ப்பதே என்றும் அது கூறியது.

அறிக்கைகள் அலுமாரியில் உறங்குவது எந்நாட்டிலும் வழமை. இவ்வறிக்கைக்கு வேறு விதி வாய்த்தது. சங்கத்தின் செயலாளர் நாயகமாக இருந்த ஆரியாமா தகாஷி, ரோக்கியோவுக்கு மேற்கேயுள்ள தம் சொந்த ஊராகிய ஹினோவின் நகரமுதல்வராக 1965இல் தெரிவானார். ஹினோ நகர் என்ற தகுதியைப் பெற்றதே 1963இல்தான். புதிய தொடர்மாடிக் குடியிருப்புகளால் வளர்ந்து வந்த ஊர். அறிக்கைப் பணியிற் பங்குகொண்டு, பிரித்தானியப் பொதுநூலகங்களையும் நேரிற் பார்த்துத் திரும்பியிருந்த மயேகாவா சுனேயோ அதன் முதல் நூலகத் தலைவரானார். இருவரும் கட்டடம் எழுப்பவில்லை. கட்டடம் எழுந்தால் மாணவர் வந்து இருக்கைகளை நிரப்புவர், பழைய கதையே தொடரும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். 1965ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இலையுதிர்காலத் தொடக்கத்திலே, ‘ஹிமாவரி’ (சூரியகாந்தி) எனப் பெயரிட்ட பஸ் வண்டியொன்று நூல்களுடன் குடியிருப்புகளுக்குப் புறப்பட்டது. அதுவே ஹினோ நூலகம். வேறு நூலகம் அங்கு இல்லை.

வண்டி குறித்த நாளிற் குறித்த இடத்துக்கு வந்தது. தட்டிலிருந்து எவரும் தாமே நூலை எடுக்கலாம். வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். இல்லாத நூலைக் கேட்டால் பதிந்துகொண்டு தேடித் தருவர். இக்கடைசி வசதியே எல்லாவற்றினும் பெரிது என்பேன். ஏணியின் அடுத்த படியை வாசகரே சொல்ல, நூலகர் அதனைத் தேடி எடுத்து வந்தார். 1966இல் தமதைரா குடியிருப்பிலே, ஓடி ஓய்ந்த ட்ராம் வண்டியொன்றைக் கொண்டுவந்து நிறுத்திச் சிறுவர் நூலகமாக்கினர். ஹினோவின் இரவற் கணக்கு வளர்ந்த வேகம் ஏனைய நகரங்களை வியப்பில் ஆழ்த்தியது. அதன் அனுபவத்தைத் திரட்டி 1970இல் வெளிவந்த ‘குடிமக்களின் நூலகம்’ என்ற கைந்நூல், இரவல் கொடுத்தல், சிறுவர் பணி, ஊர் முழுவதற்கும் நூல் சென்றடையும் கிளையமைப்பு ஆகியவற்றை வலியுறுத்தியது. பின்னர் பல சிறுநகரங்கள் இவ்வழியைப் பின்பற்றின. ஆரியாமா அதனைக் காணவில்லை, 1969இல் காலமாகிவிட்டார்.

இம்மாற்றத்தின் மறுபக்கமாக, வாசகரின் அந்தரங்கம் பற்றிய எண்ணமும் வளர்ந்தது. நூலகச் சங்கம் 1954இல் நூலகச் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. 1979இல் அது திருத்தப்பட்டபோது, பயன்படுத்துவோரின் இரகசியத்தை நூலகம் காக்கும் என்ற வாசகம் தனிக் கோட்பாடாகச் சேர்க்கப்பட்டது. ஒருவர் எதை வாசிக்கிறார் என்பது குழுவின் முன் வைத்து உரைக்கவேண்டிய செய்தியாக இருந்த 1942ஆம் ஆண்டுக்கும் இதற்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகளே சென்றிருந்தன.

ஹினோவில் மைய நூலகக் கட்டடம் 1973இலேதான் எழுந்தது. கட்டடக் கலைஞர் கிதோ அசுசா வரைந்த அக்கட்டடத்தில் நூற்தட்டுகள் இருந்தன. சிறுவர்க்கு இடம் இருந்தது. பரீட்சைக்குப் படிக்க வருவோருக்கான தனி அறை மட்டும் வைக்கப்படவில்லை.