எழுத்தறிவித்தலும் ஆசிரியர் பயிற்சியும்

ஒரு வகுப்பில் முப்பது மாணவர் அமர்ந்திருப்பின், அங்கு முப்பது வகையான கற்கும் ஆற்றல்கள் அமர்ந்திருக்கின்றன. ஒருமுறை கேட்டதைப் பற்றிக்கொள்ளும் மாணவனும் உண்டு. பன்முறை சொன்ன பின்னரே பற்றிக்கொள்பவனும் உண்டு. நூல்களிடையே வளர்ந்த பிள்ளையின் அருகிலேயே, பள்ளிக்கு வந்த பின்னரே முதல் நூலைத் தொட்ட பிள்ளையும் அமர்ந்திருக்கிறது. இவர்கள் அனைவருக்கும் எழுத்தறிவிக்க வல்லவராய் ஆசிரியரை ஆயத்தம் செய்வது எவ்வாறு என்னும் வினா இன்று தோன்றியதன்று. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழர்தம் திண்ணைப் பள்ளிக்கும் ஓர் இடமுண்டு.

திண்ணைப் பள்ளியில் ஆண்டு வகுப்பு முறை இல்லை. இளம் மாணாக்கர் மணலில் விரலால் எழுத்தை எழுதியவாறே அதன் ஒலியை உரக்கச் சொல்வர். மணலில் கை தேர்ந்தவர் ஓலைக்கு மாறுவர். ஒருவன் உயிரெழுத்தில் நிற்கையில் மற்றொருவன் ஆத்திசூடியை முடித்திருப்பான். வேறொருவன் எண்சுவடிக்குச் சென்றிருப்பான். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பான். ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் முன்னேற இம்முறை இடமளித்தது. ஆயினும் அதன் குறைகளை மறைத்தலாகாது. பொருளறியா மனனமும் பிரம்படியும் அங்கு மிகுதி. பெண்மக்களுக்கும், தாழ்த்தப்பட்டோர் எனப் பிரித்து வைக்கப்பட்டவர்தம் பிள்ளைகளுக்கும் அத்திண்ணை பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது.

சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கென நடைபெற்ற பள்ளியின் பொறுப்பை 1789இல் ஏற்றவர் ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். தமிழரை ‘மலபார்’ என்று ஆங்கிலேயர் அழைத்த காலம் அது. மலபார்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிக் கற்பதைக் கண்ட பெல், அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். துணையாசிரியர்கள் அதனை விரும்பவில்லை. ஆகவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் கீழ்வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி வெற்றி பெற்றது. தாயகம் திரும்பிய பெல், 1797இல் இலண்டனில் இதனை நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்ற அது, இங்கிலாந்திலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் பரவியது.

பரவியது முறையே; அதன் உயிர் பரவவில்லை எனலாம். திண்ணையில் ஓர் ஆசிரியரின் கண்முன்னே சில பிள்ளைகள் இருந்தனர். இங்கிலாந்திலோ ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அணி அணியாக நிறுத்தப்பட்டனர். அக்காலத்தே இதனையொத்த முறையை நடத்திய ஜோசப் லங்காஸ்டர், ஓராசிரியர் ஆயிரம் மாணவரையும் நடத்தலாம் என்று வாதிட்டார். செலவு குறைவு என்பதே ஆட்சியாளரையும் கொடையாளரையும் ஈர்த்தது. தாம் நேற்றுக் கற்றதை இன்று பிறருக்கு ஒப்புவிக்கும் சிறுவனால், கல்லாத பிள்ளை ஏன் கல்லாதிருக்கிறது என்பதை அறிய இயலவில்லை. இக்குறை உணரப்பட்டபோது, 1846இல் ‘மாணவ ஆசிரியர்’ திட்டம் அங்கு வந்தது. பதின்மூன்று வயது நிரம்பியவர் ஐந்தாண்டுகள் தலைமையாசிரியரிடம் பயின்று, பின்னர்ப் பயிற்சிக் கல்லூரிக்குச் செல்ல வழி பிறந்தது. ஆசிரியப் பணிக்கும் பயிற்சி வேண்டும் என்னும் கொள்கை இவ்வாறு வேரூன்றியது.

விரலும் ஒலியும் இணையும் கல்வி வேறொரு வழியிலும் மீண்டது. 1907இல் உரோம் நகரின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவி ஒலிக்கும் முறையைக் கையாண்டார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நூற்றுக்கணக்கான ஆசிரியருக்குப் பயிற்சி அளித்தார். அமெரிக்காவில் கிரேஸ் ஃபெர்னால்டு அம்மையார், படிக்க இடர்ப்படும் பிள்ளைகளுக்குச் சொல்லை விரலால் தடவிச் சொல்லும் வழியை 1943இல் நூலாக்கினார். இவ்விருவரும் கருவியை மட்டும் தரவில்லை. பிள்ளையை உற்றுநோக்கும் கண்ணையும் ஆசிரியரிடம் வளர்க்க முயன்றனர்.

இனி மலாயாவுக்கு வருவோம். 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாது இருந்த தோட்டங்களில் பள்ளி அமைய வழிசெய்தது. திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளுக்கு எழுத்தறியும் வாய்ப்பு முதன்முதலாகக் கிட்டியது இங்குதான் என்பது எண்ணத்தக்கது. ஆனால், ஆசிரியர் எங்கே? சில தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ பாடம் சொன்னார். பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். திண்ணையின் சூழல் மீண்டது. திண்ணை ஆசிரியரின் பழக்கத் தேர்ச்சி உடன் வரவில்லை. 1937இல் வெளிவந்த சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை, மலாயா இந்தியத் தொழிலாளரின் நிலையோடு அவர்தம் பிள்ளைகளின் கல்வியையும் ஆராய்ந்தது. பணியிலிருந்த ஆசிரியருக்குப் பகுதிநேரப் பயிற்சி வகுப்புகள் பின்னர் நடைபெற்றன. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையும் அடுத்து, தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்பில் இடம்பெற்றன. முறையான ஆசிரியர் பயிற்சியும் அவற்றை எட்டியது.

அடுத்த திருப்பம் 1983. முந்திய ஆண்டு 302 பள்ளிகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட தொடக்கப் பள்ளிப் புதிய கலைத்திட்டம், அவ்வாண்டு நாடு முழுவதும் முதலாம் ஆண்டில் தொடங்கியது. படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகிய மூன்றுக்கும் அது முதலிடம் தந்தது. மாணவரைக் குழுக்களாகப் பிரித்தல், பின்தங்கியோர்க்குக் குறைநீக்கல், முந்தியோர்க்கு வளப்படுத்தல் என்பன ஆசிரியரின் அன்றாடக் கடமைகளாயின. கருத்து உயர்ந்தது. ஆனால், கரும்பலகை முன் நின்று வகுப்பு முழுமைக்கும் ஒரே பாடம் நடத்திப் பழகியவர், குறுகிய காலப் பயிற்சியோடு மூன்று குழுக்களை ஒரே நேரத்தில் நடத்த வேண்டியதாயிற்று. மேசைகள் எளிதில் இடம் மாறின. கற்பித்தல் அத்துணை எளிதில் மாறவில்லை.

1957இல் 888 எனக் கணக்கிடப்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. அவற்றுள் பல, 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட சிறு பள்ளிகள். முப்பதுக்கு மேற்படாத மாணவர் கொண்ட பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஓரறையில் இணைத்துக் கற்பிப்பதும் உண்டு. ஆசிரியராகப் புகுவோர் இன்று ஓராண்டு ஆயத்தக் கல்வியும் நான்காண்டுப் பட்டக் கல்வியும் பெறுகின்றனர். பயிற்சியின் காலம் நீண்டது நன்று. அக்காலத்துள் எதனைக் கற்பிப்பது என்பதே எஞ்சி நிற்கும் வினா.

மூன்று மாணவரை எடுத்துக்கொள்க. ஒருவன் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று எழுதுகிறான்; வீட்டில் அவன் கேட்கும் ஒலி அதுவே. மற்றொருவன் ‘கொடி’ என்னும் சொல்லைக் ‘கெ’ என்று தொடங்கித் தடுமாறுகிறான். ஒகரக் குறி எழுத்தின் இருபுறமும் நிற்பது அவனுக்குப் புலப்படவில்லை. மூன்றாமவள் பிழையின்றி உரக்கப் படிக்கிறாள். வீட்டில் ஆங்கிலமே வழங்குவதால் பொருள் அறியாள். மூவரும் தேர்வில் ஒரே புள்ளி பெறலாம். முதலாமவனுக்கு வேண்டியது செவிப் பயிற்சி. இரண்டாமவனுக்கு வேண்டியது கண்ணும் கையும் இணைந்த பயிற்சி. மூன்றாமவளுக்கு வேண்டியது பேச்சும் சொல்வளமும். மூவருக்கும் அதே பாடத்தை மீண்டும் நடத்துவது குறைநீக்கல் ஆகாது.

பிழையைத் திருத்துவதற்கு முன் பிழையின் காரணத்தைக் காணுதல் பயிற்சி ஆசிரியர் முதற்கண் பெற வேண்டிய திறன். இதனைச் சொற்பொழிவால் பெற இயலாது. பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டும், அதன் ஏட்டை அனுபவமிக்க ஆசிரியரோடு ஆராய்ந்தும், இணைந்த வகுப்பில் நின்று கற்பித்தும் பெறுதல் வேண்டும். மணலும் சட்டாம்பிள்ளையும் குழு முறையும் கடல் கடந்து விரைந்து சென்றன. அவற்றைக் கையாளும் ஆசிரியர் ஒவ்வோரிடத்தும் புதிதாகவே உருவாக்கப்பட வேண்டியவராயிருந்தார். அவரை உருவாக்கக் காலமும் பொருளும் செலவிடப்படாதபோதெல்லாம், அதன் விலையைக் கொடுத்தவர்கள் வகுப்பின் கடைசி வரிசைப் பிள்ளைகளே.