காற்றும் கராம்பும்: சன்சிபார்த் தீவின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் புவியியலினின்றும் பிரித்து ஆராய்தல் எளிதன்று. ஆயினும் நிலமும் நீரும் காற்றும் மனிதனுக்கு வாய்ப்பை நல்குவனவேயன்றி, அவ்வாய்ப்பை அவன் எவ்வழியிற் பயன்படுத்தல் வேண்டுமென விதிப்பனவல்ல. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது கிழக்காபிரிக்கக் கரைக்கு அணித்தாயுள்ள சன்சிபார்த் தீவின் வரலாறாகும்.

இத்தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 6 பாகையில், பெருநிலத்தினின்றும் 20 மைலுக்குச் சற்று அப்பால் அமைந்துள்ளது. நீளம் ஏறத்தாழ 50 மைல். கீழ்ப்பாகம் முருகைக்கல் மேலெழுந்த வன்றரை. மேற்பாகமோ ஆழ்ந்த வளமண் உடையது. மேற்குக் கரையில் அலையடங்கிய துறையும் நன்னீரும் உள.

எனினும் இயற்கை இத்தீவுக்கு அளித்த பெருஞ்செல்வம் பருவக்காற்றேயாம். மார்கழி முதற் பங்குனிவரை வீசும் வடகீழ்க் காற்று, அராபியாவினின்றும் மேற்கிந்தியாவினின்றும் பாய்க்கப்பல்களைத் தெற்கே கொணர்ந்தது. சித்திரைக்குப் பின் எழும் தென்மேற் காற்று அவற்றைத் தாய்த்துறை சேர்த்தது. இதனினும் மிகத் தெற்கே சென்ற கப்பல் அவ்வாண்டிலேயே மீளுதல் அரிது. ஆதலின் இத்தீவும் இதன் அயற்றுறைகளும் வணிகர் கூடும் எல்லையாயின. துணியும் மணியும் பேரீச்சம்பழமும் வந்திறங்கின. யானைத்தந்தமும் கண்டல்மரக் கம்புகளும் அடிமைகளும் ஏற்றப்பட்டனர். காற்று மாறும்வரை தங்கிய வணிகருட் சிலர் மணம்புரிந்து குடியேறினர். ஆபிரிக்க மொழியாகிய சுவாகிலியில் அராபியச் சொற்கள் பல புகுந்தமைக்கு இவ்வுறவே காரணம். கிசிம்காசிப் பள்ளிவாசலில் உள்ள 1107 ஆம் ஆண்டுக் கல்வெட்டு இத்தொடர்பின் தொன்மைக்குச் சான்றாகும்.

16 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இக்கரையில் ஆதிக்கம் பெற்றனர். 1698 இல் ஓமானியர் மொம்பாசாக் கோட்டையைக் கைப்பற்றியபின் அவ்வாதிக்கம் குன்றியது. ஓமானிய மன்னர் சையிது சயீது, 1840 ஆம் ஆண்டளவில், இரண்டாயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள மஸ்கற்றை விடுத்துச் சன்சிபாரையே தலைநகராக்கினார். சுங்கவரி தண்டும் உரிமையை இந்திய வணிகர் குத்தகையாகப் பெற்றனர்.

மொலுக்காத் தீவுகளுக்குரிய கராம்பு, பிரெஞ்சுக்காரர் முயற்சியால் மொரீசியசு முதலிய தீவுகளை அடைந்து, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சன்சிபாருக்கு வந்தது. சையிது சயீது அதனைப் பெருமளவிற் பயிரிடுவித்தார். கராம்பின் மொட்டை மலருமுன் கையாற் கொய்து வெயிலில் உலர்த்தல் வேண்டும். இதற்குக் கைகள் பல வேண்டியிருந்தன. அவை பெருநிலத்தினின்றும் விலங்கிட்டுக் கொணரப்பட்டோரின் கைகளாயின. காற்றுக் கப்பலைச் செலுத்தியது. கப்பலில் மனிதரை விலைப்பொருளாக ஏற்றியவன் மனிதனே.

1872 இல் வீசிய பெரும்புயல் இத்தீவின் கராம்பு மரங்களிற் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது. பெரிதும் தப்பிய பெம்பாத் தீவு அதன்பின் கராம்பு விளைவில் முதன்மை எய்திற்று. அடுத்த ஆண்டில், ஆங்கிலேயரின் நெருக்குதலுக்கு இணங்கிச் சுல்தான் பர்காசு அடிமைச் சந்தையை மூடினார். சந்தை இருந்த இடத்திற் கிறித்தவ ஆலயம் எழுந்தது. ஆயினும் அடிமைநிலைக்குச் சட்டம் அளித்துவந்த ஏற்பு நீங்கியது 1897 இலேயாம்.

இதற்கிடையில் இடத்தின் சிறப்பும் மாறலாயிற்று. நீராவிக் கப்பல் பருவக்காற்றுக்குக் காத்திருக்கவில்லை. ஆங்கிலேயரும் யேர்மனியரும் பெருநிலத்தைப் பங்கிட்டனர். 1890 இற் சன்சிபார் ஆங்கிலேயரின் காப்பு நாடாயிற்று. 1901 இல் மொம்பாசாவினின்றும் விக்டோரியா ஏரிவரை இருப்புப்பாதை முற்றுப்பெற, உள்நாட்டுப் பண்டங்கள் தீவை நாடாமலே கடலை அடைந்தன.

வணிகம் குன்றியபோதும் அது விதைத்த வேற்றுமை குன்றவில்லை. நிலவுடைமை பெரிதும் அராபியரிடத்தும், வணிகம் இந்தியரிடத்தும், உழைப்பு ஆபிரிக்கரிடத்தும் நிலைத்தன. 1963 மார்கழியிற் சுதந்திரம் கிடைத்தது. ஏறக்குறைய ஒரு மாதத்தில், 1964 தை 12 ஆம் நாள், புரட்சி மூண்டு சுல்தானின் ஆட்சி வீழ்ந்தது, பலர் உயிரிழந்தனர். அவ்வாண்டு சித்திரையிற் சன்சிபார் தங்கனீக்காவுடன் இணைந்தது. அவ்வொன்றியமே இன்றைய தன்சானியா.

2000 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பெற்ற பழைய கல்நகரின் செதுக்குக் கதவுகளைக் காண்போர் அக்காலச் செல்வத்தை வியப்பர். அக்கதவுகளுக்குப் பின்னே குவிந்த பொருள் எவருடைய உழைப்பால் விளைந்தது என்பதையும் வினவுதலே வரலாறு கற்போரின் கடனாகும்.