வெப்பமும் வைத்தியமும்

நந்திக்கடலோரத்து வற்றாப்பளையில் உறையும் கண்ணகை அம்மன், வெப்புநோய் தணிப்பவளாக வன்னி மக்களால் வழிபடப்பெறுபவள். மதுரையை எரித்த சினம் ஈழத்திலே தணிந்தது என்பது ஐதிகம். அம்மைநோய்க்குக் குளிர்மையை வேண்டிய தமிழ்ச் சமூகமே வாதநோய்க்கு வெப்பத்தை நாடியமை கருதற்பாலது. சித்தமருத்துவம் வகுத்த 32 புறமருத்துவ முறைகளுள் ஒற்றடம், வேது, சுட்டிகை ஆகியன வெப்பத்தால் இயல்வன. வறுத்த தவிட்டைத் துணியிற் பொதிந்து ஒற்றடமிட்டனர். நொச்சியிலை இட்ட கொதிநீரின் ஆவியை வேதாகப் பிடித்தனர். காய்ச்சிய உலோகத்தாற் சுட்டிகையிட்டனர்.

மேலைநாட்டிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பே நெடுங்காலம் வழங்கிற்று. 1890களில் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் உயர் அதிர்வெண் மின்னோட்டம் உடலில் விளைக்கும் மாற்றங்களை ஆராய்ந்தார். அவ்வழியே, தோலைச் சுடாது ஆழத்துத் தசைக்கு வெப்பமூட்டும் கருவிகள் தோன்றின. 1926இல் பொஸ்ரன் நகரில் அறுவை மருத்துவர் குஷிங், போவி அமைத்த மின்கருவியாற் குருதிப்பெருக்கை அடக்கி, முன்னர் அகற்ற இயலாதிருந்த தலைக்கட்டியொன்றை அகற்றினார்.

எனவே, இவ்வரலாற்றிற் புதியது வெப்பமன்று. அதன் அளவும் ஆழமும் மனிதன் கைவசமானமையே. ஒற்றடமிடுபவர் முதலில் தம் புறங்கையிற் சூடு பார்ப்பதும் அளவறியும் முயற்சியே. நீரிழிவால் உணர்விழந்த பாதமோ மிகுசூட்டை அறிவிக்காது. அங்கே ஒற்றடமும் புண்ணாகும், மின்கருவியும் புண்ணாக்கும். பழைமையைப் போற்றுவோரும் புதுமையைப் போற்றுவோரும் இதனை மறத்தலாகாது.