நரம்பு அலைவுக் கணிதமும் மட்டக்களப்பின் பாடும் மீனும்

மூளையின் நரம்பணுக்கள் கூடித் தாளத்தை உண்டாக்கும் விதத்தை வகையீட்டுச் சமன்பாடுகளால் விளக்குவது நரம்பு அலைவுக் கணிதம். இயற்பியலாளர்கள் மூளை ஆய்வுக்குள் நுழைந்த வாசல்களில் இதுவும் ஒன்று. விலங்குகளின் குரல் இதற்கு வசதியான களம். மூளையின் துடிப்பு ஒலியாக வெளியே வந்துவிடுவதால், மண்டையைத் திறக்காமலே அதை அளக்கலாம். இலங்கையில் இந்தக் கணிதத்தை வைத்துப் பார்க்கத்தக்க புதிர், மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்.

கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில், காற்றடங்கிய நிலவு இரவுகளில், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் வைத்து மறுமுனையைக் காதோடு சேர்த்தால் இசை போன்ற ஒலி கேட்கும் என்பது ஊர் வழக்கு. 1848 செப்டெம்பரில் படகில் சென்று கேட்ட ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தம் நூலில் அதை ஒரே சுரமாகச் சொல்லவில்லை. தாழ்ந்ததும் உயர்ந்ததுமான பல சிற்றொலிகளின் கூட்டம் என்கிறார். அவருக்கு மீனவர் சொன்ன காரணமும் மீன் அல்ல, ஊரி என்னும் நத்தையினம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) இந்த இசையைக் கவிதையாக்கியவர். சுருதிகளை எண்விகிதங்களாகக் கணக்கிட்ட ‘யாழ்நூல்’ ஆசிரியரும் அவரே. கடந்த நூற்றாண்டின் நடுவில் புனித மிக்கேல் கல்லூரியின் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் ஒலியைப் பதிவு செய்தார். எழுப்பும் உயிர் எது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

மீன்தான் என்றால் அது எப்படிப் பாடும்? வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து மிட்ஷிப்மன் மீனில் இதற்கு விடை உண்டு. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பாஸும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் ஆராய்ந்த மீன் அது. ஆண் மீன் காற்றுப்பையின் தசைகளைச் செக்கனுக்கு ஏறத்தாழ 100 தடவை சுருக்கி, நீண்ட நேரம் ரீங்கரிக்கும். பின்மூளையின் தாள நரம்பணுக்கள் எத்தனை தடவை துடிக்கின்றனவோ, அதுவே ஒலியின் அதிர்வெண். மீன் காதில் விழச் செய்வது தன் மூளையின் கடிகாரத்தையே.

அந்தக் கடிகாரத்துக்கு இரண்டு சூத்திரங்கள் அடிப்படை. ஒரு நரம்பணு எப்படித் துடிக்கிறது என்பதை ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல், கணவாய் மீனின் பெருநரம்பை அளந்து, நான்கு வகையீட்டுச் சமன்பாடுகளில் எழுதினர். 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. பல அலைவிகள் எப்போது ஒன்றுபடும் என்பதை யொஷிக்கி குரமோட்டோ 1975இல் காட்டினார்: பிணைப்பு ஓர் எல்லையைத் தாண்டாதவரை ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடும்; தாண்டியதும் ஒரு பகுதி திடீரெனச் சேர்ந்துகொள்ளும். மிட்ஷிப்மன் மூளையில் அணுக்களிடையே நேரடி மின்பிணைப்பு இருப்பதால் ஒத்திசைவு இறுக்கமானது. மீனுக்கும் மீனுக்கும் இடையே அப்பிணைப்பு இல்லை. அருகருகே பாடும் இரு மீன்களின் அதிர்வெண் சற்று வேறுபட்டு, ஒலி ஏறி இறங்கும் ‘அடிப்பு’ எழும். அதைப் பகுத்தறியும் அணுக்கள் நடுமூளையில் உள்ளன. ஆனால் டெனன்ட் கேட்ட உச்ச ஒலிகளை 100 ஹேர்ட்ஸ் மீன் ஒன்றின்மேல் ஏற்றுவது கடினம். பல இனங்கள் கலந்திருக்கலாம் என்பதே பொருந்தும் ஊகம்.

துடுப்பு வழக்குக்கும் இயற்பியலில் இடமுண்டு. ஆழம் குறைந்த நீரில் தாழ்ந்த ஒலி தூரம் போகாது. அடித்தளம் கெட்டியாக இருந்தால் அலைநீளம் ஆழத்தின் நான்கு மடங்குக்குள் அடங்க வேண்டும். 2 மீற்றர் ஆழத்தில் அந்த வரம்பு ஏறத்தாழ 190 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழான ஒலியைக் கேட்க, அது எழும் இடத்துக்கே போகவேண்டும்.

ஒலிப்பதிவிலிருந்து நரம்பின் நடத்தையை வாசிப்பது புதிதல்ல. ஹார்வர்டில் கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பார்த்தா மித்ரா, வரிக்குருவிக் குஞ்சு பாட்டுப் பழகும் விதத்தை அலைமாலைக் கணிதத்தால் பின்தொடர்ந்த 2001ஆம் ஆண்டு ஆய்வில் பங்கேற்றவர். பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையத்தோடும் இணைந்தார்.

வாவிக்குப் பொருத்தமான சோதனை எளியது. ஹொட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாடுகளில் 10 பாகை வெப்பம் கூடினால் நரம்பு வாயில்களின் வேகம் மும்மடங்காகும். மிட்ஷிப்மனின் ரீங்காரமும் நீர் சூடேற ஏறுகிறது. வாவியின் சுருதி அப்படி ஏறினால், தசையும் நரம்பும் உள்ள பாடகன் உண்டு என்பதற்கு அது வலுவான சான்று. ஆகவே ஒலிவாங்கியோடு வாவியில் இறங்குவோர் நீரின் வெப்பநிலையையும் எழுதிவைக்க வேண்டும்.