இடுப்பில் இரண்டு சுற்று

வெள்ளைப் பருத்தித் துணி. நாலு சென்டிமீட்டர் அகலம்; சின்னப் பிள்ளைக்கானது என்றாலும் இரண்டு மீட்டருக்குக் குறையாத நீளம். உள்ளே தடித்த துணியை மடித்து வைத்து, நீளவாக்கில் வரிவரியாகத் தையல் ஓட்டியிருப்பார்கள். புதிதில் பனைமட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். எப்படி முடிந்தாலும் நாலாவது குதிப்பில் அவிழ்ந்து காலடியில் கிடக்கும். பள்ளத்தூரில் சாயங்கால கராத்தே வகுப்புக்குக் கிளம்புகிற பேத்தி இதை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றால் அப்பத்தா என்ன கேட்பார்? "என்னடி இது, இம்புட்டுப் பெரிய அரைஞாணு?" என்றுதான்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பிறந்த பிள்ளைக்குச் சட்டைக்கு முன்னால் அரைஞாண் கட்டுகிறவர்கள் நாம். வேலை என்றால் வரிந்து கட்டுவோம், வம்பு என்றால் கச்சை கட்டுவோம். சிலம்பக்காரரின் இடுப்பில் துண்டு இல்லாமல் கம்பு சுழலாது. இடுப்புக் கட்டு நமக்குப் பழசு. அதற்கு நிறம் உண்டு, நிறத்துக்குப் பரீட்சை உண்டு, பரீட்சைக்குக் கட்டணம் உண்டு என்பவைதான் புதுசு.

இந்தப் பட்டை பிறந்தது டோக்கியோவில். பெற்றெடுத்தவர் ஒரு வாத்தியார். ஜிகோரோ கானோ 1882-ல் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குத் தலைமை வகித்தவர். ஆசியாவிலிருந்து சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குள் போன முதல் ஆள். மாணவர்களைத் தரம் பிரிக்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. 'கோ' என்ற காய் விளையாட்டில் ஆட்டக்காரர்களுக்கு 'டான்' என்று படி கொடுப்பது ஜப்பானில் பழைய வழக்கம். அதைக் கடன் வாங்கினார். படி ஏறியவர்கள் 1880-களில் கறுப்புப் பட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அப்போது அது கிமோனோ மேல் கட்டுகிற அகலமான பட்டை. இன்றைய தடித்த வெள்ளை உடுப்பும் ஒடுங்கிய பெல்ட்டும் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு வந்தவை.

எந்த ஊர் வகுப்பிலும் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்து மாணவன் வெள்ளை பெல்ட்டைத் துவைக்கவே மாட்டானாம். வேர்வையும் மண்ணும் ஏறி மஞ்சளாகி, பச்சையாகி, பழுப்பாகி, கடைசியில் கறுத்துப் போகுமாம். அதுதான் பிளாக் பெல்ட்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கறுப்பு வந்தது சாயத் தொட்டியிலிருந்து. மஞ்சளும் பச்சையும் கறுப்புக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, வேறொரு கண்டத்தில் சேர்ந்தவை. இந்தக் கதையை நம்பி பெல்ட்டைத் துவைக்காமல் வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. தாய்மார்கள் தயங்காமல் துவைக்கலாம்.

கராத்தேக்கோ அந்தக் காலத்தில் பெல்ட்டே இல்லை. அது ஒகினாவாத் தீவின் சரக்கு. 1879 வரை ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்த அந்தத் தீவில், சீனத்திலிருந்து வந்த அடிமுறையும் உள்ளூர் அடிமுறையும் கலந்து வளர்ந்த வித்தை. இரவில், வீட்டு முற்றத்தில், ஊர் அறியாமல் ஓரிருவருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். சீருடை கிடையாது, படி கிடையாது, சான்றிதழ் கிடையாது. அதை முற்றத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர் அன்கோ இட்டோசு. 1901-ல் ஷுரி நகரத்துத் தொடக்கப் பள்ளியில் அதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கினார். ஆளைக் கொல்லக்கூடிய அடிகளை ஒதுக்கிவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக 'பினான்' என்று ஐந்து கட்டாக்களை, அதாவது தனியாகச் செய்து பழகும் அடிவரிசைகளை, வகுத்தார். இன்று நம் பக்கத்துப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டுகிற முதல் கட்டாக்கள் பலவும் இந்த ஐந்தின் வழியில் வந்தவை. 'குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதெல்லாம் நீர்த்துப்போன கராத்தே' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலகம் சுற்றிய கராத்தே கிளம்பியதே ஒரு தொடக்கப் பள்ளியிலிருந்துதான்.

இட்டோசுவிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் கிச்சின் ஃபுனகோஷி. அவரும் பள்ளி ஆசிரியர். 1922-ல் டோக்கியோவில் ஓர் உடற்பயிற்சிக் கண்காட்சிக்குப் போனவர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டார். கானோ அவரைத் தம் பள்ளிக்கு அழைத்துச் செய்து காட்டச் சொன்னார். கானோவின் ஜூடோ உடுப்பையும் பட்டையையும் 'டான்' படியையும் கராத்தே எடுத்துக்கொண்டது. 1924-ல் ஃபுனகோஷி தம் மாணவர்கள் சிலருக்கு முதல் டான் கொடுத்தார். ஆக, நம் பிள்ளையின் இடுப்புப் பட்டை ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாரிடம் வாங்கிய இரவல்.

நிறங்கள் சேர்ந்தது ஐரோப்பாவில். 1920-களில் லண்டனில் புடோக்வாய் என்ற ஜூடோ மன்றத்தில் வண்ணப் பட்டைகள் புழங்கின. 1930-களில் பாரிஸில் மிக்கினொசுகே கவாய்ஷி என்ற ஆசிரியர் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஏணி கட்டிப் பரப்பினார். கறுப்பு வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாத ஐரோப்பியருக்காகச் செய்த ஏற்பாடு என்பார்கள். நமக்கு மட்டும் பொறுமை வழிகிறதா என்ன, அந்த ஏணியை அப்படியே வைத்துக்கொண்டோம்.

இங்கே கொஞ்சம் ஊர்ப் பக்கம் திரும்ப வேண்டும். ஜப்பானிலிருந்து, பள்ளத்தூர் இருக்கும் செட்டிநாட்டுக்கு வந்த சாமான்களில் கராத்தே பெல்ட் முதலாவது இல்லை. பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் வந்த காலத்திலேயே ஜப்பானிய ஓடுகளும் கப்பலேறி வந்தன. பூவும் கொடியும் புடைத்து நிற்கும் அந்தப் பளபளப்பு ஓடுகளைப் பெரிய வீட்டுச் சுவர்களில் இன்றும் தொட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டுச் சரக்கை அப்படியே வைத்துக்கொள்கிற ஊர்கள் இல்லை இவை. சீமை ஓட்டைப் பார்த்த கண்ணோடு ஆத்தங்குடியில் உள்ளூர் மணலைக் கொண்டு, கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து, தங்களுக்கென்று ஓர் ஓடு செய்துகொண்டவர்கள்.

ஓட்டுக்கு அடுத்து ஜப்பானிலிருந்து வந்தது யுத்தம். 1930-களில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. கணக்குப் பேரேடுகளை விட்டுவிட்டு, மலையும் காடும் தாண்டி நடந்தே திரும்பியவர்களின் கதைகள் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னும் முடியவில்லை. 'ஜப்பான்காரன் குண்டு போட்டான்' என்பது அந்தத் தலைமுறைக்கு ஆண்டுக் கணக்கு. அதற்கு முன், அதற்குப் பின் என்றுதான் மற்றதை எல்லாம் சொல்வார்கள். மூன்றே ஆண்டில், 1945-ல், ஒகினாவாவும் அதே யுத்தத்தில் தரைமட்டமானது. இட்டோசு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஷுரி நகரம் இடிபாடாகக் கிடந்தது. பிறகு அங்கே முகாமிட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் முற்றத்து வித்தையைக் கற்றுக்கொண்டு, பெல்ட்டோடு உலகமெங்கும் கொண்டுபோனார்கள்.

தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு. 1973-ல் 'எண்டர் தி டிராகன்' வந்தது. புரூஸ் லீ ஆடியது கராத்தேயே இல்லை; அவர் பயின்றது சீன முறை. அதனால் என்ன, சுவரில் எழுதும்போது 'கராத்தே' என்றுதான் எழுதினார்கள். பத்தாண்டு கழித்து ரஜினிகாந்தை அடிமுறை பயில வைத்து 'பாயும் புலி' எடுத்தது ஏவி.எம். நிறுவனம், அதை நிறுவிய மெய்யப்பன் காரைக்குடிக்காரர். பெல்ட் இடுப்பிலிருந்து ஏறிப் பெயருக்கு முன்னால் உட்கார்ந்ததும் தமிழ்நாட்டில்தான். கராத்தே மணி, கராத்தே தியாகராஜன் என்று வித்தையே தலைப்பெழுத்தாகிவிட்டது. 'ஷிஹான்' என்ற ஜப்பானியப் பட்டம் கராத்தே மாஸ்டர் ஹுசைனிக்குப் பெயராகவே ஆனது. 2025 மார்ச்சில் அவர் காலமானபோதும் அந்தப் பெயரோடுதான் போனார்.

கூடவே போதிதர்மரும் வந்தார். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனா போய் அடிமுறை சொல்லிக் கொடுத்தார், ஆகவே கராத்தே நம்முடையதே என்று மாஸ்டர்கள் சொல்வார்கள். 2011-ல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு பிள்ளைகளே சொல்கிறார்கள். அவர் தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சீனக் குறிப்பில் இடம் உண்டு. ஆனால் ஷாவோலின் அடிமுறையை அவரோடு முடிச்சுப் போடுகிற ஏடு, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு தள்ளி எழுதப்பட்டது. இரவல் வாங்குவதில் வெட்கமில்லை. தேக்கை இரவல் வாங்கிய வீடு நம் வீடில்லை என்று ஆகிவிடுமா?

பள்ளத்தூர் மனோரமாவின் ஊர். 'பள்ளத்தூர் பாப்பா' என்று நாடக மேடை ஏறிய சிறுமி வளர்ந்த இடம். சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி இருக்கும் இடம். இந்த மாதிரி ஊரில் கராத்தே வகுப்புக்குக் கட்டடம் தேவைப்படுவதில்லை. மன்றத்துத் திண்ணையோ பள்ளி மைதானமோ பொட்டலோ போதும். மாஸ்டர் நிற்கிறார், பிள்ளைகள் வரிசையில் நின்று ஜப்பானிய எண் சொல்லிக் குத்துகிறார்கள்: "இச்சி! நீ! சான்! சீ! கோ!" 'நீ' என்றதும் புதிதாகச் சேர்ந்த பொடியன் "நானா மாஸ்டர்?" என்று பார்ப்பான். 'சீ' என்றதும் பின் வரிசையில் சிரிப்பு. ஒரு வாரத்தில் எல்லாம் பழகிவிடும். ஜப்பான்காரன் குண்டு போட்ட கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டுக் கொள்ளுப்பேத்தி ஜப்பான் பாஷையில் எண்ணுகிறாள், தமிழில் குறும்பு செய்கிறாள்.

குறை சொல்ல வேண்டியது பெல்ட்டின் கடைசிக் கட்டப் பயணத்தைப் பற்றித்தான். மூன்று மாதத்துக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு கட்டணம், சட்டமிட்ட சான்றிதழ், மேடையில் போட்டோ என்று ஓடுகிற வகுப்புகளும் இருக்கின்றன. எட்டு வயதில் பிளாக் பெல்ட் கட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாவம், அதற்கு மேல் போக அவர்களுக்கு வழி வைக்கவில்லை. ஒலிம்பிக் பதக்கம் என்று ஆசை காட்டுகிறவர்களும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றது. ஆண்கள் கட்டா தங்கம் ஒகினாவாக்காரர் ரியோ கியுனாவுக்குப் போனது. 2024 பாரிஸில் கராத்தே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலிலும் இல்லை.

பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் 'பிளாக் பெல்ட்டுக்கு எத்தனை மாதம்?' என்று கேட்க வேண்டாம். ஒரு சாயங்காலம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். நடு வகுப்பில் ஒரு வாண்டின் பெல்ட் எப்படியும் அவிழும். மாஸ்டர் குனிந்து தாமே கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். அல்லது, நடுப்பகுதியைத் தொப்புளில் வை, இரண்டு சுற்றுச் சுற்று, அடியில் விட்டு இழு, முடி என்று சொல்லிவிட்டு, அவன் முடிக்கிறவரை வரிசை மொத்தத்தையும் நிறுத்திக் காத்திருக்கலாம். நானாக இருந்தால் இரண்டாவது மாஸ்டரிடம்தான் சேர்ப்பேன்.