முதல் மழை ராத்திரி

போன மாசம் விழுப்புரத்துல எங்க வீட்டு முருங்கை மரம் பூரா கம்பளிப்பூச்சி. நான் உடனே ஃபோன்ல ஸ்ப்ரே தேடினேன். பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டார்: "மழை ஆரம்பிச்சப்பவே விளக்கு வெச்சியாப்பா?"

அந்தக் கேள்விக்குள்ள ஒரு வரலாறு இருக்கு. திண்டிவனம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பெரிய பொழைப்பு. 1940-ல வந்த டிஎம்வி 2 ரகத்தோட பேரே திண்டிவனத்தைக் குறிக்குது. அந்தப் பயிருக்கு எமன், சிவப்புக் கம்பளிப்புழு. (என் முருங்கைப் பூச்சி வேற இனம்.) வருஷத்துல சுமார் பத்து மாசம் மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவா கிடக்கும். கோடை மழை மண்ணை நனைச்ச சில நாள்ல அந்துப்பூச்சியா வெளிய வந்து, நூத்துக்கணக்குல முட்டை வைக்கும். புழு வளர்ந்துட்டா கொல்லை விட்டுக் கொல்லை படையா நடக்கும்.

அதனால மழை பெஞ்சதுமே ராத்திரியில விளக்கு வைக்கணும், தீ மூட்டணும். முட்டை இருக்கிற இலையைக் கிள்ளணும். ஓரத்துல ஆமணக்கு விதைச்சா புழு அங்க கூடும், பொறுக்கிடலாம். சுத்திப் பள்ளம் வெட்டினா தாண்டாது. ஆனா ஒருத்தர் செஞ்சா பத்தாது, ஊரே செய்யணும்.

அப்புறம் பி.எச்.சி. பவுடர் வந்துச்சு. தூவினா போதும், ஊர் கூட வேண்டாம். அந்த விஷம் மண்ணுலயும் பால்லயும் தங்குச்சு. 1997-ல தடை பண்ணாங்க.

நான் கையுறை மாட்டி, அடிமரத்துல கூடியிருந்த பூச்சியை சோப்புத் தண்ணி வாளியில தள்ளினேன். அடுத்த மழைக்கு விளக்கு ரெடி. தெருவுக்கே சொல்லியாச்சு.