துணிவு பயின்ற இடங்கள்: கூரமும் காஞ்சியும்

மாந்தர் ஒன்றனைச் செய்வதா விடுவதா, இரண்டனுள் எதனைக் கொள்வது எனத் தெளியும் மனச்செயல் இக்காலப் பல்கலைக்கழகங்களில் உளநூலின் ஒரு கூறாகப் பயிலப்படுகின்றது. 'முடிவெடுத்தல்' என்பது அதற்கு இன்று வழங்கும் பெயர். நம் முன்னோர் அதனைத் 'துணிவு' என்றனர். துணித்தல் என்பது வெட்டுதல். தறியினின்று அறுத்தெடுத்தது துணி. கண்முன் நிற்கும் வழிகளுள் ஒன்றைக் கொண்டு ஏனையவற்றை அறுத்துவிடுதல் துணிவு. இலத்தீன் மொழியிலும் முடிவு செய்தலைக் குறிக்கும் வினைச்சொல் வெட்டுதல் என்னும் பொருளினின்றே பிறந்ததாகும். வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து செயல்வகை' முதலாகத் 'தெரிந்து வினையாடல்' ஈறாக ஆறு அதிகாரங்களை (47–52) ஒருசேர வைத்திருத்தலை நோக்குவார்க்கு, இப்பொருள் தமிழ்நாட்டில் முறைப்பட எண்ணப்பட்டதொன்று என்பது விளங்கும்.

பல்கலைக்கழகப் பாடம் என்ற நிலையில் இது மிகப் புதியது. கல்கத்தாவில் 1916இலும், மைசூரில் 1924இலும், சென்னையில் 1943இலும் உளநூற்குத் தனித்துறைகள் தோன்றின. சென்னைத் துறையைத் தோற்றுவித்தவர் ஜி. டி. போவாஸ் ஆவர். எர்பர்ட் சைமன் 1947இல் வெளியிட்ட நூலிலும் அடுத்துவந்த ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளிலும், மாந்தர் எல்லா வழிகளையும் அளந்து பார்த்துத் துணிவதில்லை, போதும் என்று தோன்றிய அளவில் நின்றுவிடுவர் எனக் காட்டினார். டேனியல் கானெமன், ஆமோஸ் துவெர்ஸ்கி ஆகிய இருவரும் 1974இலும் 1979இலும் வெளியிட்ட கட்டுரைகள், மனம் வழக்கமாகத் தவறும் இடங்களை வகைப்படுத்திக் காட்டின. சைமனுக்கு 1978இலும் கானெமனுக்கு 2002இலும் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இப்பாடத்தை இன்று பயிலும் தமிழ் மாணவர், எடுத்துக்காட்டுகளையெல்லாம் பிறநாட்டு ஆய்வுக்கூடங்களினின்றே பெறுகின்றனர். இதனால் இருவகைப் பிழை விளைகின்றது. இங்கு இத்தகைய எண்ணமே இருந்ததில்லை என்பார் ஒருசாரார்; எல்லாம் இங்கு முன்னரே இருந்தன என்பார் மற்றொரு சாரார். இருவரும் சான்றுகளைப் பாரார். காஞ்சியையும் அதனையடுத்த கூரத்தையும் சார்ந்த சில சான்றுகளை எடுத்து, அவை எம்மட்டும் பேசுகின்றன, எவ்விடத்து நின்றுவிடுகின்றன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூரம் காஞ்சிக்கு அருகிலுள்ள சிற்றூர். பல்லவர் காலத்தில் இது ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நீர்வேளூர் நாட்டைச் சார்ந்தது. 7ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தில் இங்கு எழுந்த 'வித்யாவினீத பல்லவ பரமேசுவரகிருகம்' என்னும் சிவன் கோயில் தூங்கானை மாட அமைப்பினது. அக்கோயிற்கு அவன் வழங்கிய கொடையைக் கூறுவதே கூரம் செப்பேடு. வடமொழியும் தமிழும் விரவிய இச்செப்பேட்டை ஹூல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். வரலாற்றாசிரியர் இதனைப் பெரும்பாலும் பெருவளநல்லூர்ப் போருக்காகவே எடுத்தாள்வர். ஈண்டு நமக்கு வேண்டுவது அதன் பிற்பகுதி. பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் 25 கூறாக்கப்பட்டது. வழிபாடும் கோயிற் பணியும் நடத்தும் இருவர்க்கு 3 கூறு. மண்டபத்திற்கு நீரும் நெருப்பும் அளிப்பதற்கு 1 கூறு. அம்மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு 1 கூறு. எஞ்சிய 20 கூறும் நான்மறை வல்லார் இருபதின்மர்க்கு. பாரதம் கேட்டல் குடிநீர்க்கும் விளக்குத் தீக்கும் நிகரான தேவையாகவே மதிக்கப்பட்டது என்பது இப்பங்கீட்டினின்று பெறப்படும்.

பாரதம் கேட்டலைப் பத்திமைச் செயலாக மட்டும் கொள்வது போதாது. அந்நூல் முழுதும் துணிவின் கதையாகும். சூதிற்கு அழைத்தபோது மறுக்கத் தெரியாத தருமன், அறம் இன்னதென அறிந்தும் மகனைத் தடுக்க இயலாத திருதராட்டிரன், களத்தின் நடுவே வில்லை நழுவவிட்ட அருச்சுனன் ஆகிய மூவரும் அறிவு குறைந்தவரல்லர். மூவர்க்கும் தடை வெவ்வேறு. சாந்தி பருவத்தில் இன்னும் நுட்பமான இரு கதைகள் உள்ளன. ஒன்று மூன்று மீன்களின் கதை. குளம் வற்றப்போவதை முன்னறிந்த மீன் அப்பொழுதே வெளியேறியது. சமயத்தில் வழி காண வல்லது செம்படவர் கையில் அகப்பட்டும் தப்பியது. நாளை பார்ப்போம் என்றிருந்தது மாண்டது. மற்றொன்று சிரகாரியின் கதை. தாயைக் கொல்லுமாறு தந்தையாகிய கௌதமர் ஏவிச் செல்கின்றார். தந்தை சொல்லும் தாய் உயிரும் ஆகிய இரண்டையும் நிறுத்து நிறுத்து மகன் நெடிது எண்ணிக்கொண்டிருக்கின்றான். சினம் தணிந்து வருந்தி மீளும் தந்தை, அவன் காலந்தாழ்த்தியதையே பாராட்டுகின்றார். ஒரே பருவத்தில் ஒரு கதை தாழ்த்தலைப் பழிக்கின்றது. மற்றொன்று அதனையே புகழ்கின்றது. எது தாழ்த்தலுக்குரிய வினை, எது விரைவிற்குரிய வினை என்று பகுத்தறியும் பொறுப்பு கேட்போனிடமே விடப்படுகின்றது. இதனை விதியாகச் சுருக்கிக் கூறாது இரு கதைகளாக அருகருகே வைத்தமை, கற்பிக்கும் முறையில் சிறந்ததொன்று என்பது எம் கருத்து.

இனிக் காஞ்சியின் கடிகை. பல்லவர் தலைநகரில் விளங்கிய இவ்வுயர்கல்வி நிலையத்தை நாடி, கதம்ப மரபின் முதல்வனாகிய மயூரசர்மன் தன் ஆசிரியர் வீரசர்மரோடு வந்தான் என்றும், பல்லவக் குதிரை வீரனொருவனோடு நேர்ந்த பூசலால் கல்வியைத் துறந்து வாளேந்தினான் என்றும் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகின்றது. கடிகையின் மாணவன் ஒருவன் துணிந்த துணிவு பற்றி நமக்குக் கிடைக்கும் பழஞ்சான்று இதுவே எனலாம்.

கடிகையாரே ஒரு பெருந்துணிவில் பங்குகொண்ட செய்தி இதனினும் சிறந்தது. 731ஐ ஒட்டி இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான்; சிம்மவிட்டுணுவின் நேர்வழி அற்றது. அப்பொழுது நிகழ்ந்ததைக் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிற் சுற்றுமண்டபச் சிற்பங்களும் அவற்றோடு பொறிக்கப்பட்ட தமிழ்க் குறிப்புகளும் உரைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து பட்டம் பெற்ற சி. மீனாட்சி, இச்சிற்பங்களை வரிசைப்படுத்தி எழுதிய நூல் அவர் மறைவிற்குப்பின் 1941இல் வெளிவந்தது. மாத்திரர், மூலப்பிரகிருதியார், கடிகையார் ஆகியோர் கூடிச் சிம்மவிட்டுணுவின் தம்பியாகிய பீமவர்மன் வழிவந்த இரணியவர்மனிடம் செல்கின்றனர். அரசன் ஒருவனைத் தருமாறு வேண்டுகின்றனர். இரணியவர்மன் தன் குலத்தலைவரை அழைத்து வினவ, அவர் மறுக்கின்றனர். பின் தன் மக்களை வினவுகின்றான். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் ஆகிய மூவரும் செல்ல உடன்படவில்லை. இளையவனாகிய பல்லவமல்லன் மட்டும் உடன்படுகின்றான். அவனுக்கு அப்பொழுது அகவை பன்னிரண்டு. தந்தைக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுகின்றன, விட மனமில்லை. தரணிகொண்ட போசர் என்பார் தேற்றிய பின்னரே அவன் இசைகின்றான். சிறுவன் காஞ்சி அடைந்து நந்திவர்மன் என்னும் பெயரோடு முடிசூடுகின்றான்.

ஒரு துணிவின் படிகள் இத்துணை விளங்கக் கூறப்பட்ட கல்வெட்டுகள் அரியன. வேண்டுவார் பலர், மறுப்பார் பலர், உடன்படுவான் ஒருவன், தடுமாறுவான் தந்தை, தேற்றுவான் முதியோன். மூத்தோர் மறுத்ததற்குக் காரணம் கூறப்படவில்லை. கையிலுள்ளதை இழக்கும் அச்சம், வரக்கூடியதை விழையும் ஆசையினும் வலிது என்னும் கானெமன், துவெர்ஸ்கி கொள்கையை இங்குப் பொருத்திக் காட்டுதல் எளிது. எளிதாதல் பற்றியே அதனை ஐயுறல் வேண்டும். கல் கூறாததை நாம் கூறுதல் ஆராய்ச்சியாகாது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. இக்குறிப்புகளும் சிற்பங்களும் வென்றவன் சார்பில் எழுந்தவை. வைகுந்தப் பெருமாள் கோயில் நந்திவர்மன் எடுப்பித்ததே. காசாக்குடிச் செப்பேடு அவனைக் குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்கின்றது. உதயேந்திரச் செப்பேடோ அவனைப் பரமேசுவரவர்மனின் மகன் போலவே காட்டுகின்றது. மேலும், அவன் நந்திபுரத்தில் தமிழ வேந்தரால் முற்றுகையிடப்பட்டதையும், படைத்தலைவன் உதயசந்திரன் சித்திரமாயனைக் கொன்று அவனை மீட்டதையும் கூறுகின்றது. அரியணைக்கு வேறு உரிமையாளர் இருந்தனர் என்பது இதனாற் புலப்படும். ஆதலின், இது தேர்வா, கைப்பற்றலா என ஆராய்ச்சியாளர் கருத்து வேறுபடுகின்றனர். பரூக் பிஷாப் என்பார் 1975இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. 1814இல் ஆங்கிலேயர்க்கும் கூர்க்கர்க்கும் நிகழ்ந்த போரின் தொடக்க நிலைமைகளை மாணவர் சிலர்க்குக் கொடுத்து, முடிவு இன்னதென ஒவ்வொரு குழுவிற்கும் வெவ்வேறாகச் சொன்னார். எம்முடிவு சொல்லப்பட்டதோ அதுவே முன்னரே எதிர்பார்த்தற்குரியது என அவ்வக் குழுவினர் மதித்தனர். பல்லவமல்லன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவன். அத்துணை நெடிது ஆண்ட அரசனின் சிற்பி, அவன் பன்னிரண்டு அகவையில் உரைத்த உடன்பாட்டைப் பெருந்தெளிவாகச் செதுக்கினான் என்றால் வியப்பில்லை. மயூரசர்மன் கதையும் அவன் வழிவந்தோர் வென்றபின் எழுதியதே. தோற்றுப்போன துணிவுகளுக்குக் கல்லுமில்லை, செம்புமில்லை.

நிகழ்ந்ததைப் பின்னர்க் கூறாது, நிகழப்போவதற்கு முன்னரே மனித மதிப்பீட்டின் வலியின்மையைக் கருதி விதி வகுத்த சான்று ஒன்று இந்நாட்டில் உண்டு. அது உத்தரமேரூர்ச் சபையார் முதற் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள். 'பண்டைக் குடியாட்சி' என்று இதனை மேடைதோறும் முழங்குவார் பலர்; விதிகளைப் படித்தவர் சிலர். 30 குடும்பிலும் தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதப்படும். தகுதி கண்டிப்பானது: கால்வேலிக்கு மேல் இறைநிலம், சொந்த மனையில் வீடு, மறையறிவு, குறித்த அகவை, அடுத்த மூன்றாண்டுள் வாரியம் செய்யாமை. கணக்குக் காட்டாதார்க்கும் அவர் உறவினர்க்கும் இடமில்லை. இவ்வாறு வடிகட்டியபின், எஞ்சியோருள் எவர் சிறந்தவர் என்று ஒருவரும் மதிப்பிடுவதில்லை; ஓலைகள் குடத்திலிடப்படும். எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன். அவன் எடுத்ததை வாங்கும் மத்தியத்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் படித்தல் வேண்டும். பின்னர் நம்பிமார் அனைவரும் படித்தல் வேண்டும்.

தகுதி காண்பதில் அறிவை நம்பிய சபையார், தகுதியுடையாருள் ஒருவரைத் தெரிவதில் அதனை நம்பவில்லை. அங்கே உறவும் பகையும் கைப்பொருளும் புகும் என்பதை அவர் பட்டறிவால் கண்டிருந்தனர். விரித்த விரல்கள் பற்றிய விதி, மடக்கிய விரல்களால் முன்னர் ஏதோ நிகழ்ந்தது என்பதற்கன்றி வேறெதற்குச் சான்றாகும்? 919ஆம் ஆண்டு விதியில் 30 முதல் 60 வரையிருந்த அகவை எல்லை, 921இல் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. விதித்ததையே இரண்டாண்டுக்குள் திருத்தும் இத்தன்மை, ஆய்வுக்கூட மனப்பான்மைக்கு மிக அணுகியது. உளநூல் மாணவர்க்குப் பாடமாக வைக்கத்தக்கது இதுவே என யாம் கருதுகின்றோம்.

மீண்டும் கூரம் வருவோம். பாரதம் வாசித்த மண்டபம் எழுந்து மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின், அவ்வூரில் பெருஞ்செல்வராகப் பிறந்தவர் திருமறுமார்பர். இராமாநுசரின் மாணவராய்க் கூரத்தாழ்வான் எனப் பெயர் பெற்றவர். அவர் செல்வமனைத்தையும் துறந்து மனைவி ஆண்டாளோடு திருவரங்கம் நோக்கி நடந்த செய்தியைக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. காட்டுவழியில் மனைவி அஞ்சினார். அஞ்சுதற்கு என்ன உளது என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்வதற்கென ஒரு பொன்வட்டிலைத் தாம் கொண்டுவந்ததை அம்மையார் கூறினார். அதனை வாங்கிக் காட்டில் எறிந்து, இனி அச்சமில்லை என்று நடந்தார் ஆழ்வான். வீடும் நிலமும் ஒரு துணிவில் போயின. ஒரு வட்டில் மட்டும் துணிவின் கண்ணில் படாது தங்கியிருந்தது. பேரளவில் துறந்தவர் சிற்றளவில் பற்றுவர் என்பதை அறியாதார் எழுதியிருக்க இயலாத கதை இது.

சோழ வேந்தனின் ஏவலர் இராமாநுசரைத் தேடிவந்தபோது, எண்ணிப்பார்க்கக் காலம் இல்லை. ஆசிரியரின் காவியையும் முக்கோலையும் தாம் கொண்டு ஆழ்வான் அவைக்குச் சென்றார். ஆசிரியர் வெள்ளாடையில் மேற்கே சென்றார். ஆழ்வான் கண்களை இழந்தார். பல்லாண்டு கழித்து இராமாநுசர் மீண்டு வந்து, காஞ்சி வரதராசரிடம் கண்ணை வேண்டிக்கொள்ளுமாறு பணித்தார். ஆழ்வான் பாடினார், தம்மைக் காட்டிக்கொடுத்துக் கண்ணிழக்கச் செய்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே கிட்டுமாறு வேண்டினார் என்பது மரபு. இந்நூல்களும் நிகழ்ச்சிக்கு நெடிது பின்னர் எழுந்தவையே. பல்லவமல்லன் சிற்பத்திற்குச் சொன்ன தடை இவற்றிற்கும் உண்டு. ஆயினும் ஆழ்வான் இயற்றிய வரதராச தவம் வடமொழியில் இன்றும் உளது. பிற்காலத்தார் கூற்றை ஒருபுறமும் அந்நூலை மறுபுறமும் வைத்து ஒப்பிடும் பணிக்கு, வடமொழியும் உளநூலும் ஒருங்கு கற்ற மாணவர் வேண்டப்படுகின்றனர்.